மலையேறிய முட்டுக்கல்

மார்ச் 22

நடந்தது, நடந்துகொண்டிருப்பது, இனி நடக்கப் போவது எல்லாமே நான் முன்னாலேயே சொன்னதுதான். சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் இனி எழுதி வைக்கப் போகிறேன். உரக்கடையில் புது வருசத்துக்குக் கொடுத்த டைரி அரிசி டின்மேல் சும்மா கிடக்கிறது. நான் எட்டாவது வரை படித்தவன். எட்டாவதை இரண்டு தடவை படித்ததால் ஒன்பது என்றுதான் கணக்கு.

தவசி மச்சானுக்கு நெஞ்சுவலி வரும் என்று தீபாவளி அன்றைக்கே சொன்னேன். அவர் அதிரசம் தின்ற வேகம் அப்படி. "வாயைக் கழுவுடா குருசாமி" என்றாள் என் அக்கா பாக்கியம். கார்த்திகையில் வந்துவிட்டது.

மச்சான் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர். ஏற்றத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில் வலி வந்தது. வேறு ஆளாக இருந்தால் வண்டி பள்ளத்தில் கிடந்திருக்கும். இவர் பாறைப் பக்கமாக ஒதுக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கண்டக்டரிடம் "பின் டயருக்குக் கல்லு வையி" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்தார். வண்டியில் எழுபது பேர். ஒருத்தருக்கும் கீறல் இல்லை. (அக்கா நாற்பது பேர் என்கிறாள். நின்றுகொண்டு வந்தவர்களை அவள் எண்ணவில்லை.)

ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். போன வாரம் ஓடுகிற பட்டைமேல் நடக்கவிட்டுப் பார்த்த டாக்டர், "இருதயம் நல்லா இருக்கு. தினமும் நடங்க. தொணைக்கு ஆள் வச்சுக்கிட்டு, மாத்திரையைப் பையில போட்டுக்கிட்டு, மெதுவா மலைகூட ஏறலாம்" என்றார். மச்சான் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். வாசல்படி தாண்டுவதில்லை. மொட்டை மாடிக்குக்கூட ஏறுவதில்லை. "ஏத்தம்னா அந்த வளைவு ஞாபகம் வந்துருது மாப்ளே" என்றார் ஒரு தடவை. அதற்கப்புறம் அதையும் சொல்வதில்லை.

இதற்கு நடுவில் சிவகாமி கல்யாணம். அவருக்கு ஒரே மகள், எனக்கு மருமகள். வைகாசிக் கடைசியில் முகூர்த்தம். அவர்கள் வீட்டு வழக்கம், முதல் பத்திரிகையைப் பெண்ணைப் பெற்றவர் மலைக்கு நடந்து போய், குலதெய்வம் உச்சிக்கருப்பு காலடியில் தன் கையால் வைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு பத்திரிகைகூட வெளியே போகாது. தாய்மாமன் எனக்கே இன்னும் தரவில்லை, பாருங்கள். கோயிலுக்கு ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். விடியுமுன் வெள்ளெனக் கிளம்பினால் மேலே போய்ச் சேர உச்சிப்பொழுது ஆகும்.

"பங்காளி எவன்கிட்டயாவது குடுத்து விட்டுரு" என்றார் மச்சான், சுவரைப் பார்த்து. சிவகாமி பத்திரிகைக் கட்டைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

இன்றைய தேதி போட்டு எழுதுகிறேன். மச்சான்தான் வைப்பார். நான் ஏற்றி விடுவேன்.

மார்ச் 25

மலையடிவாரத்து வனத்துறை செக்போஸ்ட் டீக்கடைக்குப் புது மாஸ்டர் வந்திருக்கிறார், ஏலக்காய் டீ ஊரையே தூக்குகிறது என்று சொல்லி மச்சானைக் கிளப்பினேன். (பழைய மாஸ்டர்தான். பழைய டீதான்.) மாந்தோப்பு வரை சமதரை, நன்றாக நடந்தார். தோப்பு முடிந்து கோயில் ஒற்றையடிப் பாதை தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டார். கை நெஞ்சுக்குப் போயிற்று.

"வலிக்குதா மச்சான்?"

"வலிக்கல. அடிக்குது."

"எனக்குந்தான் அடிக்குது. அடிக்காட்டி நாலு பேரு தூக்கிட்டுல்ல போவாங்க."

"ஒனக்கு எங்கடா அடிக்கும்? வாய் மட்டுந்தான் அடிக்கும்."

திரும்பிவிட்டோம். ஆனால் நெஞ்சுவலிக்குப் பிறகு அவர் என்னைத் திட்டியது இன்றுதான். நல்ல சகுனம்.

இந்த மலை எனக்கு எவ்வளவு அத்துப்படி என்பதையும் குறித்து வைக்க வேண்டும். போன வருசம் டவுனிலிருந்து தோள்பையும் தடியுமாக வந்த மலையேற்றக் கூட்டமே என்னிடம்தான் வழி கேட்டது. கழிப்பறைக்குத்தான் கேட்டார்கள். இருந்தாலும் வழி வழிதானே.

மார்ச் 26

மச்சான் வரவில்லை. நம் மரத்தில் இலவங்காய் பறிக்க ஆள் வந்தது. மேற்பார்வை பார்த்தேன். பஞ்சு மூக்கில் ஏறி நான் தும்மியதில் பாதிக் காய் தானாக உதிர்ந்தது.

மார்ச் 27

வரவில்லை.

மார்ச் 28

இன்று எனக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகத்துக்கு வந்தது. சாமியாகப் பார்த்துக் கொடுத்த ஞாபகம்.

மச்சானின் அப்பா, காலமான பெரியவர், நான் இளந்தாரியாக இருந்தபோது என்னை ஒரு தடவை மலைக்குக் கூட்டிப் போனார். பாதி வழியில் ஊற்றுப் பக்கம் உட்கார்ந்து, என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "குருசாமி, ஒடம்புக்கு முடியாதவன் உச்சிக்கருப்பைப் பாக்கணும்னா ஒரு கல்லு எடுத்துக்கிட்டு ஏறணும். எங்க முடியலையோ அங்க வச்சுட்டுத் திரும்பிரணும். மறுநாள் அங்கேருந்து எடுத்து மேல கொண்டு போகணும். கல்லு ஒரு நாளும் கீழ வரக்கூடாது. வேற கை படக்கூடாது. கல்லு கோயிலுக்குப் போய்ச் சேந்தா ஆளும் சேந்தாச்சு."

இதை அப்படியே மச்சானிடம் சொன்னேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"எங்கப்பா சொன்னாரா?"

"ஆமா."

"உன்கிட்ட?"

"என்கிட்டதான். தோள்ல கை போட்டு."

"என்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே."

"நீங்க பஸ்ஸே கதின்னு கெடந்தீங்க. யாருகிட்டச் சொல்வாரு?"

உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா அரிவாள்மனையை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள். அவள் மாமனார் விஷயம் அவளுக்கே தெரியாமல் போய்விட்டதே என்ற வருத்தம் போல.

மச்சான் கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பைத் தேடினார்.

மாந்தோப்பு முடிகிற இடத்தில் கல் பொறுக்கினோம். நான் காட்டிய உருண்டைக் கல் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. கைக்கு அடக்கமாக ஒன்று எடுத்தார். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் சரிந்து, அடி தட்டையாக, நடுவில் வெள்ளைக் கோடு ஓடுகிற கல். பஸ் டயருக்கு வைக்கிற முட்டுக்கல் குட்டி போட்ட மாதிரி இருந்தது.

"ஏத்தத்துல நிக்கிற வண்டி பின்னால உருளாம இருக்கணும்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார். அப்போது அவர் முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு. பக்தி வந்தால் அப்படித்தான் வரும்.

ஏற்றத்தில் கொஞ்ச தூரம் போய், முதல் புளியமரத்தடியில் கல்லை வைத்துவிட்டுத் திரும்பினார்.

ஏப்ரல் 2

தினமும் போகிறோம். வெயில் ஏறுமுன் போய்த் திரும்பிவிடுகிறோம். கல்லை வைக்கும்போது சரிந்த பக்கம் மேட்டைப் பார்க்க, டயருக்கு வைக்கிற மாதிரியே அழுத்தி வைக்கிறார். காலால் ஒரு உதை உதைத்துப் பார்க்கிறார். நகராது என்று தெரிந்தால்தான் திரும்புகிறார். அந்த உதையை உதைத்த பிறகு அவர் கை நெஞ்சுக்குப் போவதில்லை. நான் கவனித்துவிட்டேன். டாக்டருக்குச் சொல்லலாம், ஆனால் அவர்கள் படித்தவர்கள், கேட்க மாட்டார்கள்.

ஏப்ரல் 6

சிறுத்தை!

வழுக்குப்பாறையைத் தாண்டி, சுக்குநாறிப் புல்லுக்குள்ளிருந்து வந்தது. மாட்டுக்கன்று அளவு. நான் கண்ணோடு கண் பார்த்தேன். அது தலையைக் குனிந்துகொண்டது. மச்சான், "ச்சூ, மணி, வீட்டுக்குப் போடா" என்றார். பதற்றத்தில் என்ன பேசுகிறோம் என்று மனிதருக்கே தெரியவில்லை. செக்போஸ்ட் வாட்சர் ராயப்பன் வீட்டு நாயின் பெயரும் மணிதான் என்பது தற்செயல்.

ஏப்ரல் 9

கல் இன்று ஓடைக்கரைக் கடுக்காய் மரத்துக்குப் போய்விட்டது. பாதி மலை. ஓடையில் தண்ணீர் இல்லை, வெறும் உருளைக் கல்.

மச்சானுக்கு மூச்சு வாங்குமே என்று அங்கங்கே நான் உட்கார்ந்து கொடுத்தேன். அவர் என் பக்கத்தில் நின்றபடியே ஓய்வெடுத்தார்.

"என்ன மாப்ளே, இஞ்சின் சூடாயிருச்சா?"

"உங்களுக்காகத்தான் உக்காந்தேன்."

"எனக்காக நாக்கையும் வெளிய போட்டிருக்கியா?"

அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. அந்தக் காலத்தில் கண்டக்டர்கள் அவரிடம் அழுதுகொண்டு வேலை பார்த்தார்கள் என்று கேள்வி.

ஏப்ரல் 11

மலையை மூடிவிட்டார்கள். புல் காய்ந்து கிடக்கிறது, தீப்பிடிக்கும், மழை பெய்கிற வரைக்கும் யாரும் ஏறக்கூடாது என்று உத்தரவு. ராயப்பன் குறுக்கே கயிறு கட்டிவிட்டான். "என்னைத் தெரியாதா?" என்றேன். "தெரிஞ்சதுனாலதான் ரெண்டு கயிறு கட்டிருக்கேன்" என்றான்.

மூடுவார்கள் என்று நான் மாசியிலேயே நினைத்தேன். சொல்லத்தான் மறந்துவிட்டது.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாற்காலியை விட்டு எந்திரிச்ச மனுசன். மறுபடியும் போய் உக்காந்துக்குவாரேடா." எனக்கும் அந்தப் பயம் உண்டு. எழுதுவதால் சொல்கிறேன், வெளியே சொல்லவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. அக்கா வடை பாயசம் வைத்தாள். மச்சான் இலை முன்னால் உட்கார்ந்தவர் திடீரென்று, "என் கல்லு அங்க தனியாக் கெடக்கு" என்றார்.

சிவகாமி அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

ஏப்ரல் 17

விடிந்ததும் மச்சான் வீட்டில் இல்லை. அக்கா தலைவிரி கோலமாக என் வீட்டுக்கு ஓடிவந்தாள். நான் ஊர் முழுக்கத் தேடி, ஒவ்வொரு கிணறாக எட்டிப் பார்த்து, கடைசியில் கண்டுபிடித்தேன். (சிவகாமிதான் மொட்டை மாடியில் நின்று பார்த்துச் சொன்னாள். ஆனால் தேடியது நான்.) மனிதர் செக்போஸ்ட்டில் ராயப்பனோடு நிற்கிறார். தனியாக நடந்தே போயிருக்கிறார்.

"கடுக்கா மரத்தடில ஒரு கல்லு இருக்கும். வெள்ளைக் கோடு போட்டது. ரோந்து போறப்ப இருக்கான்னு மட்டும் பாரு."

"மலையில கல்லு இருக்கான்னு பாக்கச் சொல்ற மொத ஆளு நீங்கதாண்ணே" என்றான் ராயப்பன். "என்ன கல்லு அது?"

மச்சான் என்னைப் பார்த்தார். "எங்க வீட்டு வழக்கம்" என்றார்.

ஏப்ரல் 20

மூடிய மலைக்கு அவர் தினமும் போய்க் கயிற்றைத் தொட்டுவிட்டு வருகிறார். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று மேகம் பார்க்கிறார். மாடிக்கு எப்போது ஏற ஆரம்பித்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவாரோ என்று எல்லோருக்கும் பயம்.

ஏப்ரல் 22

மழை! மூன்று நாளில் பெய்யும் என்று நான் ஐந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தேங்காய் அளவு ஆலங்கட்டி. (எலுமிச்சங்காய் அளவு என்கிறாள் சிவகாமி. நெல்லிக்காய் என்கிறாள் அக்கா. பெண்களுக்கு அளவு தெரியாது.)

ஏப்ரல் 25

கயிறு அவிழ்ந்தது. முதல் ஆளாக ஏறினோம். மலை கழுவி வைத்த மாதிரி இருக்கிறது. புல்லில் பச்சை முனை விட்டிருக்கிறது. ஓடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வழுக்குப்பாறைக்கே கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் மச்சான் நடையை எட்டிப் போட்டார்.

கடுக்காய் மரத்தடியில் கல் இல்லை. கரை அரித்துப் போயிருந்தது.

மச்சான் நின்ற நிலை எனக்குப் பிடிக்கவில்லை. கை மெதுவாக நெஞ்சுக்கு ஏறியது. நான் பத்தடி பின்னால் போய், பாதை ஓரம் கிடந்த, ஒரு பக்கம் சரிந்த கல் ஒன்றை எடுத்து, மண்ணைத் தட்டி, "அட, இந்தா இருக்கு மச்சான், உருண்டு இங்கிட்டு வந்துருச்சு" என்றேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். "இது என் கல்லு இல்ல."

"தண்ணியில கோடு அழிஞ்சிருக்கும்."

"கல்லுல இருக்கிற கோடு அழியறதுக்கு இது என்ன நெத்தி விபூதியா? ஏன்டா, நீ சொன்னதை நீயே நம்ப மாட்டியா?"

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். நான் தடுப்பதற்குள் ஓடைக்குள் இறங்கிவிட்டார். "மச்சான், ஏறி வாங்க! அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்!" என்று கத்தினேன். என் கால்கள் நடுங்கின என்று எழுதினால் அது குளிர்ந்த தண்ணீரால்தான். நான் தண்ணீரில் இறங்கவில்லை, ஆனால் குளிர் மேலேயே அடித்தது.

அவர் முழங்கால் தண்ணீரில் குனிந்து குனிந்து, ஒவ்வொரு கல்லாகப் புரட்டிக்கொண்டே கீழே போனார். ஒரு வளைவில் மறைந்துவிட்டார். நான் கருப்பனுக்குக் கிடாய் நேர்ந்தேன். பிறகு இரண்டு கிடாய். பிறகு மொட்டை.

வளைவிலிருந்து ஒரு கை மட்டும் மேலே எழும்பியது. கையில் வெள்ளைக் கோடு.

"நாலு பாறை தள்ளிக் கெடந்துச்சு மாப்ளே! கீழ போயிருச்சு. கீழ வரக்கூடாதுன்னு எங்கப்பா சொன்னாருல்ல? அதுக்குப் பரிகாரம் என்னன்னு சொன்னாரா?"

"விட்ட எடத்துக்கு மேல ரெண்டு பங்கு ஏத்தணும்னு சொன்னாரு" என்றேன், எப்படியோ.

"நெனச்சேன்" என்றார். கரையேறியவர் அப்படியே போய்க் காப்பித் தோட்டம் வரை கல்லை ஏற்றிவிட்டார். வழியில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. நான் அவர் பங்குக்கும் சேர்த்து உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 28

சிவகாமி பரணிலிருந்து பத்திரிகைக் கட்டை இறக்கித் தூசி தட்டினாள்.

மே 3

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இதை விவரமாக எழுத வேண்டும். நான், மச்சான், சிவகாமி. அக்கா செக்போஸ்ட்டில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தாள். காப்பித் தோட்டம் வரை நான்தான் முன்னால் நடந்தேன். அதற்கு மேல் வழி நன்றாகத் தெரிந்ததால் பின்னால் வந்தேன். கடைசி ஏற்றம் மொட்டைப்பாறை. அங்கே என் முழங்கால் பழைய கபடிக் காயத்தை நினைத்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் திரும்பி இறங்கி வந்து என் எதிரில் நின்றார். தோளில் துண்டு, கையில் கல், நெற்றியில் வியர்வை, முகத்தில் வெயில். பஸ் ஓட்டிய காலத்தில் பார்த்த முகம்.

"என்ன மாப்ளே, ஒனக்கும் பின்னால ஒரு கல்லு வைக்கவா?"

சிவகாமி சிரித்த சிரிப்பில் பாறையே எதிரொலித்தது. நான் எழுந்துவிட்டேன். மானமுள்ளவன்.

மேலே காற்று என்றால் காற்று, ஆளைத் தூக்குகிறது. உச்சிக்கருப்புக்குக் கூரை கிடையாது, ஒரு வேல், ஒரு அரிவாள், ஒரு பீடம், அவ்வளவுதான். மச்சான் மஞ்சள் தடவிய பத்திரிகையைப் பீடத்தில் வைத்தார். கை எடுத்ததும் அது பறக்கப் பார்த்தது. எங்களுக்கு முன்பே மேலே வந்திருந்த பூசாரி பாய்ந்து பிடித்தார். மச்சான் மறுபடி வைத்தார், மறுபடி எழும்பியது. அப்போது மச்சான் கல்லைக் கண்ணில் ஒற்றி, பத்திரிகைமேல் வைத்தார். சரிந்த பக்கம் காற்றைப் பார்க்க. பழக்கதோஷத்தில் காலைத் தூக்கப் போனவர், சாமி முன்னால் என்று நினைவு வந்து, விரலால் மட்டும் ஒரு தட்டுத் தட்டினார்.

பத்திரிகை அசையவில்லை.

மச்சான் விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க நேரமாயிற்று. சிவகாமி பயந்து குனிந்தாள். வலி இல்லை, அழுதுகொண்டிருந்தார்.

"இது என்னப்பா கல்லு, புதுப் பழக்கமா இருக்கு?" என்றார் பூசாரி.

"புதுசு இல்ல சாமி. எங்கப்பா காலத்து வழக்கம். ஒடம்புக்கு முடியாதவன் கல்லோட ஏறணும். எங்கப்பாவே என்கிட்டச் சொல்லியிருக்காரு" என்றார் மச்சான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிவகாமி என் பக்கம் சாய்ந்து, "மாமா, தாத்தா இன்னும் என்னென்னல்லாம் சொல்லியிருக்காரு? கல்யாணத்துக்கு முன்னாடி மொத்தமாச் சொல்லிருங்க" என்றாள், ரொம்பப் பணிவாக.

பிறகு மச்சான் மடியிலிருந்து இன்னொரு பத்திரிகை எடுத்தார். வெற்றிலை பாக்கோடு, இரண்டு கையால், என்னிடம் நீட்டினார். "மொதல் பத்திரிகை சாமிக்கு. ரெண்டாவது ஒனக்கு" என்றார்.

காற்று அதிகம். கண்ணில் தூசி விழுந்தது. எல்லோருக்கும் விழுந்தது.

மே 6

இன்று செக்போஸ்ட் பக்கம் போனேன். எஸ்டேட் வேலைக்குப் போகிற முத்துராக்கு, மூட்டுவலிக்காரி, கையில் ஒரு கல்லோடு பாதையில் ஏறிக்கொண்டிருந்தாள். "பூசாரி சொன்னாருண்ணே, தவசியண்ணன் வீட்டுப் பெரியவர் சொன்னதாமே" என்றாள். முதல் புளியமரத்தடியில் ஏற்கெனவே ஒரு கல் உட்கார்ந்திருக்கிறது. அது யாருடையது என்று தெரியவில்லை. இதுவும் நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

மச்சான் வீட்டில் இல்லை, பத்திரிகை வைக்கப் போயிருக்கிறார். பஸ்ஸில், ஜன்னல் சீட்டில், மலைப்பாதை வழியாக. நேற்றுப் போனபோது அந்த வளைவு வந்ததும் டிரைவரிடம் கியர் சரியில்லை என்று சண்டை போட்டாராம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அன்றைக்கு அந்த வளைவில் தொண்ணூறு பேரைக் காப்பாற்றியவர் ஆயிற்றே, சொல்லத்தானே செய்வார்.

இந்த டைரியில் எழுதியது அத்தனையும் நிஜம். சிறுத்தை உட்பட. ஒன்றே ஒன்று தவிர, அதையும் எழுதிவிட்டால் மனசு லேசாகும். பெரியவர் கல்லைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் அவரோடு மலைக்குப் போனதும் இல்லை. மச்சானிடம் மட்டும் எப்படிச் சொன்னார் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். மச்சான் பொய் சொல்கிற ஆள் கிடையாது. என்னோடு இத்தனை நாள் நடந்ததில் கெட்டுப்போயிருந்தால்தான் உண்டு.

பெரியவர் என்னிடம் பேசியதே ஒரே ஒரு தடவைதான், அக்கா கல்யாணத்தன்று. "தம்பி, செருப்பை அங்கிட்டுத் தள்ளி விடு" என்றார்.